அணில் வங்கியின் கரடிக் குடை

கரடி வங்கி மேனேஜர் ஷ்வாப் ஒன்பதே முக்கால் சதவீதம் என்றார். புர்கி எழுந்தாள், கைப்பையைத் தோளில் மாட்டினாள், சதுக்கத்தைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் இருந்த அணில் வங்கிக்குள் நுழைந்தாள். அங்கே மேனேஜர் பிர்க்னர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், ஒரு தாளைப் புரட்டினார், கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆல்ப்ஸ் மலையைப் பெயர்த்து வேறு நாட்டில் வைக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போடுகிறவர் மாதிரி நெற்றியைத் தேய்த்துவிட்டு, "ஒன்பதே முக்கால்," என்றார்.

"கடன் எழுதுற செலவு?"

"பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ஷில்லிங்."

"அந்த நாற்பது எதுக்கு?"

"அது... கணக்குப் போட்டா அப்படித்தாம்மா வருது."

"எதிர்க்கடையிலயும் அதே நாற்பதுதான் வருது. ரெண்டு பேரும் ஒரே பென்சிலை வச்சுக்கிட்டு மாத்தி மாத்திக் கணக்குப் போடுறீங்களா?"

பிர்க்னர் சிரித்தார். வங்கிக்காரர்கள் சிரிக்கும்போது பல் தெரியும், பதில் தெரியாது. "சந்தை நிலவரம், ஹாலெக்கரம்மா. எங்க கையில என்ன இருக்கு?"

லெர்க்கன்பாக்கில் வங்கிகள் இந்த இரண்டுதான். இரண்டுக்கும் நீளமான நிஜப் பெயர்கள் உண்டு. சொல்லி முடிப்பதற்குள் வட்டி ஏறிவிடும் என்பதால், வாசல் பலகையில் இருந்த படத்தை வைத்துக் கரடி, அணில் என்றே ஊர் அழைத்தது.

நோட்புர்கா ஹாலெக்கர் என்கிற புர்கி, அந்தப் பள்ளத்தாக்கின் பண்ணை வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் பஸ்ஸின் சொந்தக்காரி, ஓட்டுநரும் அவளே. இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருந்தாள். பஸ் அவளைவிட இளையது என்பது காகிதத்தில் மட்டும்தான். அது கிளம்பினால் வரும் புகையைப் பார்த்து இத்தாலிக்காரர்கள் தீயணைப்பு வண்டி அனுப்புவார்கள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதன் தகுதிச் சீட்டு நவம்பர் பதினைந்தோடு முடிகிறது. புதுப்பிக்க முடியாது என்று மெக்கானிக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொல்லிவிட்டான். அன்றைக்குள் புதிய வண்டியைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் பள்ளி ஒப்பந்தம் கிராட்ஸ் நகரத்துப் பெரிய கம்பெனிக்குப் போய்விடும் என்று மாவட்ட அலுவலகம் பதிவுத் தபாலே அனுப்பிவிட்டது.

வண்டிக்கு ஆறு லட்சம் ஷில்லிங் வேண்டும். ஏழரை வட்டி என்றால் புர்கி பிழைத்துக்கொள்வாள். எட்டு என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் யாத்திரைக்காரர்களையும் ஏற்றிப் பிழைத்துக்கொள்வாள். ஒன்பதே முக்கால் என்றால் சாவியைக் கொண்டுபோய் மாவட்ட அலுவலக மேசையில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். புர்கிக்கு வீட்டில் உட்காரத் தெரியாது. அவள் கல்யாணத்தன்றுகூடத் தேவாலயத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடிதான் வந்தாள்.

கணவாய்க்கு அந்தப்பக்கம் ரோத்தன்டாலில் ஒரு வங்கி இருந்தது. போன் போட்டுக் கேட்டாள். கடனுக்கு ஏழேகால் என்றார்கள். அவள் துள்ளிக் குதிப்பதற்குள், "ஆனா கடன் எங்க பள்ளத்தாக்குக்காரங்களுக்கு மட்டும்தான். சேமிப்புன்னா யாரு கொண்டுவந்தாலும் வாங்கிக்குவோம்," என்றார்கள். வாங்கிக்கொள்வதில் அத்தனை பெருந்தன்மை.

அடுத்த வியாழக்கிழமை மதியம் ரோஸ்விதாவின் சத்திரத்தில் சூப் குடித்தபடி புர்கி இதையெல்லாம் கொட்டினாள். ரோஸ்விதாவும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு. ரோஸ்விதா கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே மூலை மேசையைத் தாடையால் காட்டினாள். அதன் மேல் 'ஒதுக்கப்பட்டது' என்று ஒரு பித்தளைப் பலகை எப்போதும் நிற்கும். வேறொருவர் உட்கார்ந்தால் நாற்காலியே கடிக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

"நேத்து முதல் புதன்கிழமை இல்லையா? ரெண்டு பேரும் அங்கதான்டி உக்காந்திருந்தாங்க. ஷ்வாப்பும் பிர்க்னரும். மாசா மாசம் வருவாங்க."

"சாப்பிடவா?"

"சாப்பிடறதும் உண்டு. தாளை விரிச்சு வச்சுக்குவாங்க. நான் மாவு உருண்டை கொண்டுபோனா தாளை மடிச்சுடுவாங்க. அவங்க புதன்கிழமை சாப்பிட்ட பிறகு அடுத்த திங்கக்கிழமை வட்டி மாறினா, ரெண்டு வங்கியிலயும் சேர்ந்தேதான் மாறும். நான் அதைப் பார்த்துத்தான் பீர் விலையையே ஏத்துவேன்."

புர்கி கரண்டியைக் கீழே வைத்தாள். "இதை நீ வெளியில சொல்லுவியா?"

"நானா? ஷ்வாப் ஒரு வேளைக்கு எட்டு உருண்டை சாப்பிடற ஆளுடி! அந்த ஆளை விட்டா என் சமையற்கட்டுக்கு யாரு கதி? உன்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு, நான் வந்து சாட்சி சொல்ல?"

ஆதாரம் இல்லை. ஆனால் புர்கி விடவில்லை. அந்த மாதம் முழுவதும் இரண்டு வங்கிகளுக்கும் மாறி மாறி நடந்தாள். திங்கள் கரடி, செவ்வாய் அணில், புதன் கரடி. சதுக்கத்துக் கருங்கல்லில் அவள் பாதை ஒரு விரற்கடை பள்ளம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதே ஒன்பதே முக்கால், அதே நாற்பது.

"நாளைக்கும் வருவேன்," என்பாள் எழுந்திருக்கும்போது.

"வாங்கம்மா, காப்பி தர்றோம்," என்பார்கள்.

"காப்பியாவது ரெண்டு இடத்துல ரெண்டு ருசியா இருக்கு. அதுக்காகவே வருவேன்."

இப்படியே அக்டோபர் முப்பத்தொன்று வந்தது. சேமிப்பு நாள். அன்று ஊரே கையில் சேமிப்புப் புத்தகத்தோடு வங்கிக்குப் போகும். அந்தப் புத்தகத்தில் பெயர் இருக்காது; புத்தகமும் அதற்கான ரகசியச் சொல்லும் யாரிடமோ, பணம் அவருக்கு. பிள்ளைகள் உண்டியலைக் கொடுத்து உடைப்பார்கள், பெரியவர்கள் வருட வட்டியைப் புத்தகத்தில் பதித்துக்கொள்வார்கள், எல்லாருக்கும் வங்கி ஒரு பரிசு கொடுக்கும். பரிசுக்காகத்தான் மக்கள் போனார்கள் என்று சொன்னால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் முந்தைய வருடம் கரடி வங்கி அலாரம் கடிகாரமும் அணில் வங்கி வெந்நீர்க் குடுவையும் கொடுத்தபோது, காலையில் கடிகாரத்துக்காக அணிலிலிருந்து கரடிக்கு மாறியவர்கள் மாலையில் குடுவைக்காகக் கரடியிலிருந்து அணிலுக்கே திரும்பினார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற குஸ்டல் மட்டும் பதினோரு புத்தகம் திறந்து பதினோரு கடிகாரம் வாங்கினார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அத்தனையும் ஒன்றாக அடித்ததில், அடுத்த ஊர்ப் பாதிரியார் பூசைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து பாதி மந்திரம் சொல்லிவிட்டார்.

மேனேஜர்கள் இருவருக்கும் அது பெரிய தலைவலி. ஆகவே இந்த வருடம் இரண்டு வங்கியிலும் ஒரே பரிசு: குடை. கரடி வங்கிக் குடையில் கரடிப் படம், அணில் வங்கிக் குடையில் அணில் படம். மூலை மேசையில் உட்கார்ந்து, ஒரே ஆர்டராகப் போட்டால் தொழிற்சாலையில் விலை குறையும் என்றும் பேசி முடித்தார்கள். ஒரே லாரியில் அறுநூறு குடை வந்து இறங்கியது. மடித்துச் சுருட்டி, சாம்பல் நிற உறையில் போட்ட குடைகள். மேல் உறையில் படம் எதுவும் இல்லை. கரடிக்கு முந்நூறு, அணிலுக்கு முந்நூறு.

ஒரே ஒரு குடையைப் பிரித்துப் பார்த்திருந்தால் போதும். ஆனால் லெர்க்கன்பாக்கில் கூரைக்குக் கீழே குடை விரிப்பவன் பிறக்கவில்லை. விரித்தால் அந்த வீட்டில் ஏழு வருடம் தரித்திரம். ஷ்வாப் பெரிய படிப்புப் படித்தவர்தான். ஆனாலும் வங்கிக்குள் ஏழு வருடத் தரித்திரத்தை வரவழைக்கும் துணிச்சல் எந்த மேனேஜருக்கு உண்டு?

காலை பத்து மணிக்குப் புர்கி பள்ளிப் பிள்ளைகளை உண்டியலும் கையுமாகச் சதுக்கத்தில் இறக்கினாள். பஸ் கடைசி மூச்சை விடுவதுபோல் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. அவளும் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அணில் வங்கி வரிசையில் நின்றாள். வட்டியாக விழுந்த தொகையைப் பார்த்தால் எறும்புக்கே இரக்கம் வரும். குடையை வாங்கிக்கொண்டு, "ஒன்பதே முக்காலா இன்னும்?" என்று கேட்டாள்.

"சந்தை நிலவரம்," என்றார் பிர்க்னர்.

அவள் வெளியே வரவும் மழை பிடித்தது. தூறலாக ஆரம்பிக்கும் மழை இல்லை. வானத்தில் யாரோ தொட்டியைக் கவிழ்த்த மழை. சதுக்கத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். இருநூறு பேரும் ஒரே நொடியில் உறையைக் கழற்றி வீசிவிட்டுக் குடையை விரித்தார்கள்.

கரடி வங்கி வாசலிலிருந்து சிவப்பு அணில்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. அணில் வங்கி வாசலிலிருந்து கறுப்புக் கரடிகள் புறப்பட்டு வந்தன. நடுச்சதுக்கத்தில் இரண்டு படையும் சந்தித்து நின்றன.

முதலில் பேசியது குஸ்டல்தான். "ஏய், நான் அணிலுக்குத்தானே போனேன்? கரடியை யாரு என் தலையில உக்கார வச்சது?"

"எனக்கு அணில்!" என்று கத்தினாள் ஒரு சிறுமி. "ஆனா உண்டியலைக் கரடிகிட்டதானே கொடுத்தேன்! என் காசு யாருகிட்ட இருக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் சதுக்கம் மொத்தமும் தன் தன் சேமிப்புப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. மழைகூட ஒரு கணம் நின்று யோசித்த மாதிரி இருந்தது. புர்கி தன் தலைக்கு மேலே இருந்த கரடியை அண்ணாந்து பார்த்தாள். ஒரு மாதமாகத் தேடிய ஆதாரம் கைப்பிடியோடு அவள் கையிலேயே இருந்தது.

"குழந்தை சரியாத்தான் கேக்குது!" என்று குரல் கொடுத்தாள். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். "ரெண்டு கடை, ஒரே குடை, ஒரே லாரி! குடையைச் சேர்ந்து வாங்கினவங்க வட்டியை மட்டும் தனித்தனியா யோசிச்சிருப்பாங்களா? எல்லாரும் சொல்லுங்க, உங்க கடன் எவ்வளவு?"

"ஒன்பதே முக்கால்," என்றார் தச்சர்.

"ஒன்பதே முக்கால்," என்றாள் முடி வெட்டுகிறவள்.

"கடன் எழுதுற செலவுல அந்த நாற்பது ஷில்லிங் உங்களுக்குமா?" என்று கேட்டார் ஒருவர். அங்கும் இங்குமாக முப்பது குடைகள் ஆமாம் என்று ஆடின.

சத்திர வாசலில் நின்றிருந்த ரோஸ்விதாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "என் மூலை மேசையிலதான் அந்தக் குடை ஆர்டர் எழுதினாங்க!" என்று கூவினாள். "நான்தான் பேனா கொடுத்தேன். பேனாவைத் திருப்பிக்கூடத் தரலை!"

மேனேஜர் ஷ்வாப் அவசரத்தில் கைக்குக் கிடைத்த குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அது அணில் குடை. அவர் புர்கியின் முழங்கையைப் பிடித்து பஸ்ஸின் மறைவுக்கு அழைத்துப்போனார்.

"ஹாலெக்கரம்மா, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? ஏழு சதவீதம். எழுதுற செலவு கிடையாது. இப்பவே கையெழுத்துப் போட்டா வெள்ளிக்கிழமை பணம் உங்க கையில. அந்தக் கரடிக் குடையை மட்டும் எங்கிட்ட கொடுத்துட்டு, தொழிற்சாலைக்காரன் பண்ணின குளறுபடின்னு நீங்களே நாலு பேர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

ஏழு. அவள் கனவில்கூடக் கேட்கத் துணியாத எண். இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. தலையாட்டினால் போதும். புது வண்டி, இருபத்தாறு இருக்கை, குளிர்காலத்தில் உள்ளே வெதுவெதுப்பான காற்று அடிக்கும் வண்டி. புர்கியின் தலை பாதி ஆடியும் விட்டது. அப்போது பஸ்ஸுக்கு முன்னால் தச்சர், "எனக்கு இன்னும் எட்டு வருஷம் கட்டணும்," என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

"ஏழா?" என்றாள் புர்கி. "நல்ல எண். அதைக் கண்ணாடியில எழுதி ஒட்டுங்க."

"எங்க?"

"உங்க வங்கி ஜன்னல்ல. தெருப்பக்கம் பார்த்து. உள்ள வராமலே எல்லாரும் படிக்கிற மாதிரி."

"அதெப்படிம்மா? இது உங்களுக்காக மட்டும்..."

"அப்ப எனக்கு வேண்டாம்."

அவள் பஸ்ஸில் ஏறினாள். முன்கண்ணாடிக்கு மேலே இருந்த 'பள்ளி' என்ற பலகையைக் கழற்றி, யாத்திரைக் காலத்துக்காக வைத்திருந்த பலகைகளில் ஒன்றைத் தேடி மாட்டினாள்: 'ரோத்தன்டால்'. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் நின்றாள்.

"கணவாய்க்கு அந்தப்பக்கம் ஒரு வங்கி இருக்கு! சேமிப்பை யாரு கொண்டுவந்தாலும் வாங்கிக்குவாங்களாம். எல்லார் கையிலயும் புத்தகம் இருக்கு, ரகசியச் சொல் நெஞ்சுல இருக்கு. அங்க கொடுத்தா பணத்தை அவங்களே இவங்ககிட்ட வசூல் பண்ணிக்குவாங்க. டிக்கெட் கிடையாது, ஏறுங்க!"

ஏறினார்கள். இருபது பேருக்கான பஸ்ஸில் அறுபது பேர் ஏறினார்கள்; மிச்சப் பேர் கூரையைப் பார்த்தார்கள். குஸ்டல் மட்டும் படியில் தயங்கினார்.

"புர்கி, அங்க ரகசியச் சொல்லைச் சத்தமாச் சொல்லணுமா?"

"ஏன், என்ன வச்சிருக்கீங்க?"

"அவரைச் சொல்லச் சொல்லு," என்றாள் பின்னாலிருந்த அவர் மனைவி. "முதல் புத்தகத்துலேருந்து இந்தப் பதினொண்ணு வரைக்கும் ஒரே பேராமே. முப்பது வருஷமா நானும் தெரிஞ்சுக்கக் காத்திருக்கேன்."

இப்போது ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த பஸ் கணவாயை ஏறாது. கணவாய் என்ன, சதுக்கத்தின் மேட்டையே தாண்டுமா என்பது சந்தேகம். செப்டம்பரில் முதல் வளைவிலேயே நின்று, பிள்ளைகள்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் தவிர இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் மெக்கானிக். அவன் கூட்டத்தில் நின்று கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான். இன்னொருத்தி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

இஞ்சின் முனகியது. இரண்டாம் தடவை திருப்பினாள். முனகலும் இல்லை. மூன்றாம் தடவை எரிமலை வெடித்த சத்தத்தோடு புகை கிளம்பி, தேவாலயக் கோபுரத்துச் சேவலையே மறைத்தது. பஸ் நடுங்கிக்கொண்டு உறுமியது. புர்கி ஹாரனை அழுத்தினாள்.

அறுபது சேமிப்புப் புத்தகங்கள் ஒரே வண்டியில் உறுமுவதை எந்த மேனேஜரும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அணில் வங்கிக் கதவைத் தள்ளிக்கொண்டு பிர்க்னர் வெளியே பாய்ந்தார். "எட்டரை!" என்றார்.

"எட்டு!" என்றார் ஷ்வாப், பிர்க்னரைத் திரும்பியும் பார்க்காமல்.

"என்னய்யா, புதன்கிழமை பேசினது என்ன, இப்ப நீ சொல்றது என்ன?"

"முதல்ல வாயைத் திறந்தது நீதானே! ஏழே முக்கால்!"

சதுக்கத்துக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்றுகொண்டு இருவரும் சந்தையில் கோழி விற்பவர்களைப்போல் கூவினார்கள். பஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"கடனுக்கு மட்டும் குறைச்சா ஆச்சா? சேமிப்புக்கு?" என்று முடி வெட்டுகிறவள் கேட்டாள்.

"பழைய கடனுக்கும் சேர்த்துச் சொல்லுங்க!" என்றார் தச்சர்.

"கூவினா காத்துல போயிடும்!" என்று புர்கி ஹாரனுக்கு மேலே கத்தினாள். "எழுதுங்க! கண்ணாடியில எழுதுங்க!"

முதலில் எழுதியது பிர்க்னர். மழைக்குப் பயந்து உட்பக்கமாக, உண்டியல் எண்ணக் காத்திருந்த ஒரு சிறுமியின் மெழுகு வண்ணக் குச்சியை வாங்கி, கண்ணாடியில் எழுதினார்: கடன், பழையதும் புதியதும், ஏழரை. அவசரத்தில் தெருவிலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறித் தெரிகிற மாதிரி எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். எதிரே ஷ்வாப் ஏழேகால் என்று எழுதி, கீழே 'எழுதும் செலவு இல்லை' என்று சேர்த்தார். பிர்க்னர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, சேமிப்பு வட்டியை ஒரு அரை ஏற்றினார். அரை மணி நேரம் இப்படிப் போனது. கடைசியில் இரண்டு ஜன்னலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றன. கடனுக்குக் கரடி லாபம், சேமிப்புக்கு அணில் லாபம். லெர்க்கன்பாக்கில் யாரும் அதுவரை பார்த்திராத காட்சி அது. ஜனங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

புர்கி இஞ்சினை அணைத்தாள். கரடி வங்கிக்குள் போய், ஏழேகாலுக்குக் கையெழுத்துப் போட்டாள். ஷ்வாப் தாளில் மை உலரும் வரை காத்திருந்தார்.

"மறைவுல ஏழு சொன்னேன். ஊருக்காகக் கால் சதவீதத்தை விட்டுட்டீங்களேம்மா."

"பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை யாத்திரைக்காரங்களை ஏத்திச் சம்பாதிச்சுக்கறேன்."

"சரி, கடன் கிடைச்சுடுச்சு. இனிமே அந்தக் குடையைக் கொடுத்துடலாமே?"

"கடன் வேற, குடை வேற," என்றாள் புர்கி.

வெளியே குஸ்டல் இன்னும் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். "அப்ப ரோத்தன்டால் போகலையா? அங்க கேக் நல்லா இருக்கும்னு ஆசையா இருந்தேனே."

புர்கி சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள். கிளிக் என்றுகூடச் சத்தம் வரவில்லை. அந்த வண்டி அதற்குப் பிறகு எப்போதுமே கிளம்பவில்லை. டிராக்டர் வந்து கட்டி இழுக்கும்போது இரண்டு மேனேஜர்களும் தங்கள் தங்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஷ்வாப்புக்கு முகம் மெழுகு நிறத்துக்கு வந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இதா... இதா கணவாய் ஏறப் போச்சு?"

"ஏறும்னு நான் சொல்லவே இல்லையே, சார்," என்றாள் புர்கி. "பலகையைத்தான் மாத்தினேன்."

நவம்பர் பதினான்காம் தேதி புது வண்டி மாவட்ட அலுவலக வாசலில் நின்றது. தகுதிச் சீட்டு ஒட்டிய பசை காய்வதற்குள் புர்கி அங்கிருந்து தபால் நிலையத்துக்கு ஓட்டிப்போனாள். நீளமான ஒரு பொட்டலம். உள்ளே கரடி வங்கி கொடுத்த அணில் குடை ஒன்று, அணில் வங்கி கொடுத்த கரடிக் குடை ஒன்று, சேமிப்பு நாள் முத்திரை விழுந்த இரண்டு புத்தகப் பக்கங்களின் நகல், ரோஸ்விதாவின் கையெழுத்தில் பதினேழு வருடத்துப் புதன்கிழமைகளின் பட்டியல், யார் எத்தனை உருண்டை சாப்பிட்டார் என்ற விவரத்தோடு. வியாபாரிகள் சேர்ந்து விலை பேசி வைத்துக்கொள்ளும் இந்த மாதிரிக் கூட்டுகளை வியன்னாவில் விசாரிக்கும் அலுவலகத்துக்கு முகவரி எழுதியிருந்தது.

"உள்ள என்ன?" என்று தபால்காரர் கேட்டார்.

"குடை."

"வியன்னாவுல மழையா?"

"வரும்," என்றாள் புர்கி.